மேட்டூர்க் கரையில் ஒரு பந்தி

கட்டுச்சோறு என்னும் சொல் நம் பகுதி முதியோரின் செவிக்கு இன்றும் இனிக்கும். வேளாங்கண்ணிக்கும் ஏலாக்குறிச்சிக்கும் திருப்பயணம் புறப்படும் குடும்பங்கள் புளிச்சோற்றையும் எலுமிச்சைச் சோற்றையும் வாழையிலையில் பொதிந்து எடுத்துச் சென்று, வழியில் ஒரு மரத்தடியில் அமர்ந்து, பகிர்ந்துண்டு பசியாறிய காலம் ஒன்று இருந்தது. கடையில் காசு கொடுத்து உண்பது, ஊர்விட்டு ஊர் போனவர்களுக்கு நேரும் கதி என்றே அன்று கருதினர்.

இன்று அந்நிலை மாறிவிட்டது. ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நலம் விசாரித்ததும், "இன்னைக்கு எங்கே சாப்பிடப் போறீங்க?" என்று ஒருவரையொருவர் கேட்பது என் காதில் விழுகிறது. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் மாலை நேரத்தில் சென்று பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் கோர்த்த கோழிகள் நெருப்பின் முன் சுழன்றுகொண்டிருக்கும். மற்றோர் அடுப்பில் பள்ளிபாளையம் சிக்கன் தயாராகும். சின்ன வெங்காயம், விதை நீக்கிய வற்றல் மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப் பல் ஆகியவற்றோடு கோழித் துண்டுகளை வதக்கும் இந்தப் பக்குவம் காவிரிக் கரையில் உள்ள நம் மாவட்டத்து ஊரின் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றிருக்கிறது.

"சாமி, வீட்டில் சமைப்பதே குறைந்துவிட்டது. இதைப் பற்றிப் பிரசங்கத்தில் கண்டித்துப் பேசுங்கள்" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டுக்கொண்டார். வீண் செலவு தவறு, இலையில் மிச்சம் வைத்து எறிவது அதனினும் பெரிய தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கண்டிக்க என் நா எழவில்லை. வாரம் ஆறு நாளும் அடுப்பருகே வேகும் தாய் ஒரு வேளை அமர்ந்து உண்ண, பிறர் பரிமாறினால் அதில் குறை என்ன? அத்துடன், அண்மையில் ஒரு கோடையில், அணைக்கட்டுக் கரையில் இருந்த ஒரு மீன் கடை எனக்குக் கற்பித்த பாடமும் நினைவுக்கு வந்தது. அதனையே இங்கு எழுதுகிறேன்.

பயணம்

எங்கள் பங்கு நாமக்கல் சமவெளியில், கொல்லிமலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் உள்ளது. கோடை விடுமுறையில் அன்பியக் குடும்பங்கள் ஒரு நாள் மேட்டூர் சென்று வர விரும்பின. இரண்டு வேன்களில் புறப்பட்டோம். பணி ஓய்வு பெற்ற எங்கள் பழைய உபதேசியாரையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டோம். எழுபதைக் கடந்தவர், மெலிந்த தேகம், கையில் எப்போதும் ஒரு செபமாலை.

முட்டை ஏற்றிய லாரிகள் எங்களை முந்திச் சென்றன. நாமக்கல் முட்டை வெறும் வணிகப் பொருளன்று. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் பின்னாளில் முட்டையும் சேர்க்கப்பட்டது. இன்று பள்ளிகளில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே முட்டையைத் தட்டில் பெறுகின்றனர். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரிகளையும், சங்ககிரியில் மலைக்கோட்டையையும் கண்டு, எடப்பாடியில் விசைத்தறிகளின் ஓசையைக் கேட்டு, நண்பகலுக்கு முன் மேட்டூரை அடைந்தோம்.

1925-இல் தொடங்கி 1934-இல் நிறைவுற்ற அணை இது. 1930-இல் தோன்றிய நம் சேலம் மறைமாவட்டத்திற்கு ஏறத்தாழ ஒத்த வயது. முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 120 அடி. அடங்கும் நீர் 93.47 டி.எம்.சி. தஞ்சை வயல்களின் உயிர் இங்கே தேங்கி நிற்கிறது. நாங்கள் சென்ற போது நீர் மிகவும் தாழ்ந்திருந்தது.

மீன் கடை

அணைப் பகுதியில் வறுத்த மீன் விற்கும் கடைகள் பல உண்டு. நாங்கள் நுழைந்த கடைக்குச் சுவர் இல்லை. மேலே கூரை, கீழே மண் தரை, இரு புறமும் நீண்ட பெஞ்சுகள், அவ்வளவே. முன்புறத்தில் விறகடுப்பின் மேல் அகன்ற இரும்புக்கல். ஒரு தட்டில் கட்லா, ரோகு, கெளுத்தி, ஜிலேபி மீன்கள் வரிசையாகக் கிடந்தன. பரிசலில் சென்று வலை வீசும் மீனவர் விடியலில் கொண்டு வந்தவை. நாம் காட்டும் மீனைக் கடைக்கார அம்மாள் எடுத்து, இரு பக்கமும் கத்தியால் கீறி, மிளகாயும் மஞ்சளும் உப்பும் பூண்டும் சேர்ந்த விழுதைத் தடவிக் கல்லில் இடுகிறார். எண்ணெய் சீறும் ஒலியைக் கேட்ட பிள்ளைகளுக்கு அதன் பின் அணையாவது, பூங்காவாவது!

ஜிலேபி மீனைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். நம் ஏரி குளங்களில் மலிந்து கிடக்கும் இம்மீன் நம் நாட்டு மீன் அன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா என்னும் இதனை 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தனர். தாய் மீன் தன் முட்டைகளை வாயினுள் வைத்துப் பொரிக்கும். குஞ்சுகளுக்கு ஆபத்து என்றால் மீண்டும் வாய்க்குள் ஏற்றுக்கொள்ளும். இதன் நெருங்கிய உறவினமே கலிலேயாக் கடலிலும் வாழ்கிறது. திருநாட்டுக்குச் செல்லும் பயணிகளுக்கு அதனை 'இராயப்பர் மீன்' என்ற பெயரால் இன்றும் பரிமாறுகின்றனர்.

மணிலாவில் ஒரு மாலை

அந்த மீனைக் கண்டதும் என் நினைவு கடல் கடந்து சென்றது. சில ஆண்டுகளுக்கு முன், மேய்ப்புப்பணிப் பயிற்சிக்காகப் பிலிப்பைன்ஸ் நாட்டில், மணிலாவை அடுத்த கேசான் நகரில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். 1521-ஆம் ஆண்டு மார்ச் 31, பாஸ்கா ஞாயிறன்று அத்தீவுகளில் முதல் திருப்பலி நிறைவேற்றப்பட்டதாக வரலாறு கூறும். இன்று ஆசியாவிலேயே மிகுதியான கத்தோலிக்கர் வாழும் நாடு அது.

ஒரு மாலை, உடன் பயின்ற அந்நாட்டுக் குரு ஒருவர் என்னைச் சாலையோர உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். இத்தகைய கடைகளை அவர்கள் 'இஹாவ் இஹாவ்' என்கின்றனர். கரி நெருப்பில் சுடுவதற்கு அவர்கள் மொழியில் இஹாவ் என்று பெயர். நீண்ட அடுப்பில் கரி கனன்றது. அதன் மேல் திலாப்பியா மீனும் கோழியும் பன்றி இறைச்சியும் மூங்கில் குச்சிகளில் வெந்தன. வேடிக்கையான மக்கள் அவர்கள். சுட்ட கோழிக் காலுக்குப் புகழ்பெற்ற காலணி நிறுவனத்தின் பெயரையே சூட்டி 'அடிடாஸ்' என்று அழைக்கின்றனர்! எலுமிச்சையைவிடச் சிறிய கலமான்சி என்னும் பழத்தைச் சோயா சாற்றில் பிழிந்து, மிளகாயை நறுக்கிப் போட்டு, அதில் தொட்டு உண்டோம்.

வாழையிலை விரித்து, நடுவில் சோற்றைக் குவித்து, சுற்றி மீனும் இறைச்சியும் அடுக்கி, அனைவரும் கையால் உண்ணும் முறையும் அவர்களிடம் உண்டு. அதற்குக் 'கமாயன்' என்று பெயர். 'கமாய்' என்றால் கை. கரண்டியையும் முள்கரண்டியையும் பிடித்துப் பழகிய நண்பர்கள் தங்கள் முன்னோர் வழக்கத்தை விளக்கி, எனக்குக் கையால் உண்ணத் தெரியுமா எனத் தயக்கத்தோடு கேட்டனர். நாமக்கல்லிலிருந்து வந்தவனிடம் கேட்கும் கேள்வியா இது?

மற்றொன்றும் கண்டேன். உண்டுகொண்டிருப்பவர் அருகில் எவரேனும் வந்தால், தெரிந்தவரோ தெரியாதவரோ, "கயின் தாயோ" என்பர். 'வாருங்கள், உண்போம்' என்பது பொருள். எங்கள் பெஞ்சில் ஒரு ஜீப்னி வண்டி ஓட்டுநரும், வங்கி ஊழியர் போலத் தோன்றிய ஒரு பெண்மணியும், இரு மாணவரும் தோளோடு தோள் இடிக்க அமர்ந்திருந்தனர். அந்நாட்டிலும் ஏழை பணக்காரர் இடைவெளி பெரிது. எச்சில் தட்டை எடுத்த சிறுவனின் முகம் என் மனத்தை உறுத்தியது. ஆயினும் 'நீ இன்ன குலத்தான், தள்ளி உட்கார்' என்று அந்தப் பெஞ்சு எவரிடமும் சொல்லவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை அப்போது எவரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

நீரில் மூழ்கிய கோபுரம்

மேட்டூர்க் கடையில் உணவுச் செபம் சொல்லி அமர்ந்தோம். மீன் வந்தது. பிள்ளைகள் முள்ளோடு போராடத் தொடங்கினர். அப்போதுதான் கவனித்தேன், உபதேசியாரை பெஞ்சில் காணோம். வெளியே, வேப்பமரத்தடியில், கையில் தட்டுடன் நின்றுகொண்டே உண்ண முனைந்திருந்தார். உள்ளே அவருக்கு இடம் இருந்தது. எவரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. கால்கள் தாமாகவே அங்குச் சென்றிருந்தன.

"இப்பத் தண்ணி இறங்கிப் போச்சுங்க. பண்ணவாடிப் பக்கம் போனா முங்கிப்போன கோவில் கோபுரம் தெரியும்" என்று கல்லருகே நின்ற கடைக்காரர் எங்கள் இளைஞர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதான். அணை எழுந்தபோது பல ஊர்கள் நீரில் மூழ்கின. சலகண்டேசுவரர் ஆலயமும், இரட்டைக் கோபுரம் கொண்ட ஒரு கிறிஸ்தவக் கோவிலும் அவற்றுள் அடங்கும். நீர் நிறைந்திருக்கும் ஆண்டுகளில் அங்கு ஒன்றுமே இல்லை என எண்ணத் தோன்றும். நீர் வற்றினால் நந்தியும் கோபுரமும் வெளிப்படும். மனித உள்ளமும் அவ்வாறே. நான் மூழ்கடித்து வைத்திருந்த ஒன்று அந்த வேப்பமரத்தடியில் தலை காட்டியது.

1990-களின் இறுதி. குருப்பட்டம் பெற்று இரண்டாம் ஆண்டு. துணைப் பங்குக் குருவாக இருந்த நான், இதே உபதேசியாரை டி.வி.எஸ். வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு சிற்றூருக்கு நோயில்பூசுதல் கொடுக்கச் சென்றேன். திரும்பும்போது மழை. ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். அடுப்பில் கரி கனன்றுகொண்டிருந்தது. குளிருக்கு இதமாக இருந்தது. கடைக்காரர் எனக்குப் பெஞ்சைத் துடைத்து, கண்ணாடித் தம்ளரில் தேநீர் தந்தார். உபதேசியார் எதுவும் கேட்கவில்லை. கடையின் பக்கவாட்டுக்குச் சென்று, கூரையின் இறவாணத்தில் செருகியிருந்த ஓர் அலுமினியத் தம்ளரைத் தாமே எடுத்து நீட்டினார். தேநீர் உயரத்திலிருந்து அதில் ஊற்றப்பட்டது. மழையில் நின்று குடித்தார், கழுவினார், மீண்டும் கூரையில் செருகினார்.

நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே குடித்தேன். 'முதன்முறை வந்த ஊர், வம்பு எதற்கு? நாளைக்கு இங்கே மறைப்பணி தடைப்படலாமே' என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். தீண்டாமை ஒழிந்தது என அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு 1950-லேயே சாற்றிவிட்டது. கடை, உணவகம், விடுதி எதிலும் சாதியின் பேரால் எவரையும் விலக்கலாகாது என 15-ஆம் பிரிவு பெயர் சொல்லியே கூறுகிறது. இவ்வாறு விலக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் 1955-இல் வந்தது. குருமடத்தில் பல ஆண்டுகள் இறையியல் பயின்ற நான் இத்தனையும் அறிவேன். அறிந்தும் வாய் திறக்கவில்லை. வழி நெடுக அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இரண்டு கரி நெருப்புகள்

அருளப்பர் தம் நற்செய்தியில் கரி நெருப்பை இருமுறை குறிப்பிடுகிறார். 'அந்த்ராக்கியா' என்னும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் அவ்விரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது என்று எங்கள் விவிலியப் பேராசிரியர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதலாவது, தலைமைக் குருவின் முற்றம். குளிர்; ஊழியர் மூட்டிய நெருப்பு; இராயப்பர் நின்று குளிர்காய்கிறார்; தம் ஆண்டவரை மும்முறை மறுதலிக்கிறார். இரண்டாவது, திபேரியாக் கடற்கரை. உயிர்த்த ஆண்டவர் தாமே கரி நெருப்பு மூட்டி, அதன் மேல் மீனை வைத்து, அப்பமும் வைத்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீடரை உண்ண அழைக்கிறார். விண்ணையும் மண்ணையும் படைத்தவர் அன்று சமையற்காரராக நின்றார்! உணவு முடிந்த பிறகே இராயப்பரிடம், தம்மை அன்பு செய்கிறாரா என மும்முறை கேட்கிறார். மறுதலித்த வாய்க்கு முதலில் உணவு, பிறகுதான் கேள்வி.

இராயப்பரிடம் பணிப்பெண் ஒருத்தி கேட்டாள். அதனால் அவர் மறுதலித்தார். என்னை எவரும் கேட்கவில்லை. கேட்காமலே நான் மறுதலித்தேன். மணிலாவில் அன்றிரவு என்னை உறங்கவிடாமல் செய்தது இதுவே.

மேட்டூருக்குத் திரும்புவோம். நான் எழுவதற்கு முன் கடைக்கார அம்மாள் முந்திக்கொண்டார். அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. எண்ணெய்க் கரண்டியைக் கையில் பிடித்தபடியே, "ஏனுங்கப்பா, உள்ள இத்தன எடம் கெடக்குது, வெயில்ல நின்னுட்டுத் திங்கறீங்க? வந்து உக்காருங்க" என்று அதட்டினார். உபதேசியார் தயங்கி உள்ளே வந்தார். நான் நகர்ந்து இடம் தந்தேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பழகிய நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து உண்டது அதுவே முதன்முறை. அதை எண்ணும்போதே எனக்கு நாணமாக இருந்தது.

மெல்லிய குரலில், "உபதேசியாரே, அந்த மழை நாளில், தேநீர்க் கடையில், நான் வாய் திறந்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன். எந்தக் கடை, எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. அவரும் மறக்கவில்லை என்று அதனால் அறிந்தேன். சிறிது நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னைக்கு டீ ஆறிப் போச்சுங்க சாமி. மீனையாவது ஆறுறதுக்கு முன்னால சாப்பிடுங்க" என்றார். தம் தட்டிலிருந்த ஜிலேபி மீனின் முள்ளை நீக்கி, ஒரு துண்டை என் தட்டில் வைத்தார். எத்தனையோ பாவசங்கீர்த்தனங்களைக் கேட்டிருக்கிறேன். என் பாவத்திற்கு இத்தகைய பொறுத்தலை நான் எதிர்பார்க்கவில்லை.

நம் பந்திகள்

இந்தப் பிரிவினை கடைவீதியிலிருந்து மட்டும் வந்ததன்று. தத்துவபோதக சுவாமி இராபர்ட் தெ நொபிலி 1623-இல் நம் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்து நற்செய்தி விதைத்தார். அக்காலத்து வழக்கத்திற்கு இணங்கத் துறவியாகத் தனித்து உண்டார். உயர்குலத்தாருக்கும் மறையைக் கொண்டு செல்ல வேண்டும் என்னும் ஆர்வமே அதற்குக் காரணம். அவரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. ஆனால் சாதிக்கு ஒரு வரிசை என்னும் வழக்கம் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் நம் கோவில்களுக்குள் நீடித்தது. 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது என்றால், நோய் இன்னும் தீரவில்லை என்பதுதானே பொருள்?

இராயப்பர்கூட ஒரே நாளில் திருந்திவிடவில்லை. அந்தியோக்கியாவில் புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டு வந்தவர், யெருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். சின்னப்பர் அனைவர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தில் இதனைக் காணலாம். ஆதித் திருச்சபையின் முதற்பெரும் பூசல்களுள் ஒன்று, யார் யாரோடு அமர்ந்து உண்பது என்பதைப் பற்றியதே. நாம் நற்கருணைப் பந்தியில் ஒரே அப்பத்தை உண்டுவிட்டு, திருவிழாப் பந்தியில் வேறு வேறு வரிசை தேடினால், சின்னப்பரின் கண்டனம் நமக்கும் உரியதே.

இப்போது கண்ணாடித் தம்ளருக்குப் பதில் காகிதக் குவளை வந்துவிட்டது. குடித்ததும் எறிந்துவிடுவதால் இரட்டைக் குவளை ஒழிந்தது போலத் தோன்றுகிறது. குவளை மாறினால் போதாது. மனமும் மாற வேண்டும்.

ஆகவே, அன்புக் குடும்பங்களே, ஞாயிறன்று வெளியில் சென்று உண்பதை நான் கண்டிக்கப் போவதில்லை. மகிழ்ச்சியோடு செல்லுங்கள். அமர்ந்ததும் சிலுவை அடையாளம் வரைந்து செபியுங்கள். பரிமாறுபவரிடம் அன்பாகப் பேசுங்கள். முடியுமானால், உங்கள் தெருவில் தனித்து வாழும் ஒரு முதியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எங்கள் பங்கில் இவ்வாண்டுத் திருவிழா விருந்தில் வரிசைகள் கிடையாது. வந்தவர் வந்த இடத்தில் அமர்வர் என அறிவித்துள்ளோம். சிலர் முகம் சுளித்தனர். முதற் பந்தியில் உபதேசியாரின் அருகில் நான் அமர்வேன்.

வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கென்று, தோட்ட வேலைக்கு வரும் பெரியவருக்கென்று, ஓரமாக ஒரு தம்ளர் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறதா? இருந்தால் அதை எடுத்துக் கழுவி, உங்கள் தம்ளர்களோடு சேர்த்து வையுங்கள். நாளைக் காலை அதில் நீங்கள் காப்பி குடியுங்கள்.